வெட்டியதற்கும் கணக்கு உண்டு

"அடுத்தவன் வரிய வெட்டி ஒட்டிட்டா அது கவிதையாய்யா?" அருப்புக்கோட்டைப் பக்கம் இலக்கியம் பேசும் நண்பர்கள் இப்படிக் கேட்பதுண்டு. பல கவிஞர்களின் வரிகளை அடுக்கிச் செய்யும் ஒட்டுக்கவிதைகளைப் பற்றிய பேச்சு இது. திருட்டு என்ற குற்றச்சாட்டில் எனக்கு அக்கறையில்லை. யார் வரி என்று சொல்லிவிட்டால் அந்த வழக்கு முடிந்தது. எடுத்ததற்குப் பதில் சொல்வதுபோல, விட்டதற்கும் ஒட்டியவன் பதில் சொல்ல வேண்டாமா என்பதே என் கேள்வி.

4ஆம் நூற்றாண்டு ரோமில் புரோபா என்ற பெண்கவி வர்ஜிலின் வரிகளைக் கோத்தே ஏசுவின் கதையைப் பாடினார். நம்மிடம் 18ஆம் நூற்றாண்டின் சிவஞான முனிவர் இருக்கிறார். அவருடைய சோமேசர் முதுமொழி வெண்பாவில் அதிகாரத்துக்கு ஒரு குறள். முன்னிரண்டு அடி முனிவருடையது, பெரும்பாலும் ஒரு புராணக் கதைச் சுருக்கம். பின்னிரண்டு அடி வள்ளுவர். நேரிசை வெண்பாவின் பின்பாதியில் குறளின் ஏழு சீரும் அப்படியே உட்கார்ந்துவிடும். ஒட்டு விழும் இடம் தனிச்சொல். எங்கள் ஊர்த் தறியில் பழைய பாவின் நுனியோடு புதுப் பாவைப் பிணைக்கிற மாதிரிதான். முடிச்சை யாரும் மறைப்பதில்லை. படிப்பவனுக்குக் குறள் மனப்பாடம். எனவே இந்தக் கதைக்கு இந்தக் குறள் ஏன் என்ற கேள்வியிலிருந்து முனிவர் தப்ப முடியாது.

இதைவிடக் கடினமான காரியம் பக்கத்துத் திருச்சுழியில் 1879இல் பிறந்த ரமணர் செய்தது. கீதையின் 700 சுலோகங்களில் 42ஐப் பொறுக்கி, அத்தியாய வரிசையைக் கலைத்து, பகவத்கீதை சாரம் என்று தமிழிலும் தந்தார். முதல் அத்தியாயத்திலிருந்து ஒரு சுலோகம்கூட இல்லை. மூல கீதை குருக்ஷேத்திரத்தில் தொடங்குகிறது. சாரமோ தொடக்கத்திலேயே இந்த உடலே க்ஷேத்திரம் என்று சொல்லும் பதின்மூன்றாம் அத்தியாயத்துக்குப் போய்விடுகிறது. களம் மாறிவிட்டது. வரிசையை மாற்றியதிலேயே தன் தரிசனத்தைச் சொல்லிவிட்டார்.

ஆனால் இழப்பும் உண்டு. சொந்தக்காரனைக் கொல்ல வேண்டுமே என்று கை நடுங்கும் அர்ஜுனனின் பேச்சு சாரத்தில் இல்லை. அந்த நடுக்கம் இல்லாமல் கிருஷ்ணன் ஏன் இவ்வளவு பேசினான் என்பது விளங்காது. என்னைப் போன்ற வாசகனுக்கு அந்த நடுக்கம்தான் கீதையின் வாசல். 'சாரம்' என்று பெயரிலேயே சொல்லிவிட்டதால் ரமணர் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் விட்டதன் கணக்கு அவர் பேரிலும் இருக்கிறது.

தன் வரிகளையும் அவர் தப்பவிடவில்லை. 1928இல் முருகனார் ரமணரின் உதிரிப் பாடல்களைத் திரட்டி ஒரு நூலாக்கப் பார்த்தார். உள்ளது நாற்பது உருவாகி முடிந்தபோது அந்தப் பழைய பாடல்களில் பெரும்பாலானவை உள்ளே இல்லை. அவை அனுபந்தத்துக்குப் போயின, வடமொழியிலிருந்து அவர் பெயர்த்த பாடல்களோடு. நல்ல பாட்டு என்பது மட்டும் உள்ளே இருக்கப் போதுமான காரணமாக இல்லை.

நான் படித்த ஒட்டுக்கவிதைகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ஒவ்வொரு வரியும் ஜொலிக்கிறது, ஒவ்வொன்றும் கடைசி வரியாக இருக்க ஆசைப்படுகிறது. பாரம் சுமக்க ஒரு சாதாரண வரி கிடையாது. இனி யாராவது ஒட்டுக்கவிதை கொண்டுவந்தால், ஆசைப்பட்டு எடுத்துவைத்து, கடைசியில் வேண்டாம் என்று தள்ளிய வரிகளையும் காட்டச் சொல்லலாம் என்றிருக்கிறேன். அந்தத் தாள் வெறுமையாக இருந்தால் கவிதையைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.