யாருக்குக் கொடுத்தது?

கவிஞர் கையெழுத்துப் போட்ட புத்தகங்களைச் சேகரிப்பவர்கள் உண்டு. வரிசையில் நின்று வாங்கினது வெறும் ஆட்டோகிராஃப். யாருக்கு, எதற்காகக் கொடுத்தார் என்பது தெரிந்தால்தான் சுவாரஸ்யம்.

டி.எஸ்.எலியட்டின் ‘தி வேஸ்ட் லேண்ட்’ 1922 டிசம்பரில் நியூயார்க்கில் புத்தகமாக வந்தபோது அதில் சமர்ப்பணம் கிடையாது. அடுத்த மாதம் எஸ்ரா பவுண்டுக்குக் கொடுத்த பிரதியில் எலியட் தன் கையால் ஒரு பாராட்டு எழுதினார். ‘என்னைவிடத் தேர்ந்த கைகாரன்’ என்கிற அர்த்தத்தில், டான்டேயிடம் கடன் வாங்கியது. 1925-ல் வந்த தொகுப்பில் அதுவே அச்சேறிவிட்டது.

உபசார வார்த்தை என்றுதான் தோன்றும். கைப்பிரதி நியூயார்க் பொது நூலகத்தில் இருப்பது 1968-ல் வெளியே தெரிந்து, 1971-ல் நகல் பதிப்பு வந்தபோது புரிந்தது: பவுண்டு பக்கம் பக்கமாக அடித்திருக்கிறார். நீளமாக இருந்த நாலாம் பகுதியில் மிஞ்சியது பத்தே வரி. (அடித்தது நியாயம். மற்றதைப் படித்துப் பாருங்கள், கொட்டாவி வரும்.) ஆக, பவுண்டின் பிரதியில் இருந்தது கையெழுத்தல்ல, கடன் பத்திரம். அந்தக் கவிதைக்கு வந்த முதல் நேர்மையான விமர்சனமும் அதுதான்.

நம் கவிஞர்கள் ‘அன்புடன்’ என்று மட்டும் எழுதித் தருகிறார்கள். எந்த வரியை யார் அடித்தார் என்று எழுதிக் கொடுத்தால், காசு கொடுத்தே வாங்கிக்கொள்வேன்.