இரக்கம் என்னும் சுமை

புலம்பெயர்ந்த குழந்தைகளைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்வன. குழந்தை அந்நிய மண்ணில் தடுமாறும், மொழி கற்கும், முடிவில் அந்நாடு அதனை ஏற்றுக்கொள்ளும். ஜாஸ்மின் வார்கா எழுதி 2019இல் வெளிவந்து, 2020இல் நியூபெரி சிறப்புத் தகுதி பெற்ற ‘அதர் வேர்ட்ஸ் ஃபார் ஹோம்’ என்னும் ஆங்கில இளையோர் புதினமும் இத்தடத்தை முற்றிலும் விட்டு விலகவில்லை. ஆயினும் அது எழுப்பும் வினா ஆழ்ந்து நோக்கத்தக்கது: மாற வேண்டியவர் வந்தவர் மட்டும்தானா?

சிரியாவின் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த 12 வயது ஜூட், போரின் நெருக்கடியால், கருவுற்ற தாயுடன் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரிலுள்ள மாமன் வீட்டுக்கு வருகிறாள். தந்தையும் தமையன் ஈஸாவும் சிரியாவிலேயே தங்கிவிடுகின்றனர். புதுக்கவிதை வடிவில் ஜூடே தன் கதையைக் கூறுகிறாள்.

பருவமெய்திய ஜூட் பெருமிதத்தோடு ஹிஜாப் அணிகிறாள். காண்போர் சிலரோ அவளுக்காக இரங்குகின்றனர். பகைமையைவிட இவ்விரக்கமே ஆழமாகக் காயப்படுத்துகிறது எனலாம். பகைப்பவருக்கு மறுமொழி கூறலாம்; இரங்குபவரோ மறுமொழியை எதிர்பார்ப்பதே இல்லை. ‘அதிர்ஷ்டசாலி’ என்னும் சொல்லும் அத்தகையதே. தமையனைப் போர் நடக்கும் நாட்டில் விட்டு வந்த சிறுமியிடம் அது நன்றியைக் கடனாகக் கேட்கிறது.

பள்ளி நாடகத்தில் நடிக்க விழையும் ஜூடைத் தடுக்க முயல்பவள், லெபனான் வழிவந்த அவள் தோழி லைலா. நம்மைப் போன்றோருக்கு மேடை உரியதன்று என்பது அவள் எண்ணம். அமெரிக்காவிலேயே வளர்ந்த பெண் இவ்வாறு நம்புவதுதான் புதினத்தின் கூரிய இடம். பிறர் பார்வை தன் பார்வையாகவே மாறிவிடும் அவலத்தை ஆசிரியர் உரத்துப் பேசாமலே உணர்த்திவிடுகிறார்.

குறைகளும் உண்டு. ஜோர்டானியத் தந்தைக்குப் பிறந்து சின்சினாட்டியில் வளர்ந்தவர் வார்கா. எனவே அந்நகரம் தெளிவாகவும், சிரியா மங்கலாகவும் தோன்றுகின்றன. 2011இல் தொடங்கிய போரால் நாடு நீங்கியோரில் மிகப் பெரும்பாலோர் துருக்கி, லெபனான், ஜோர்டான் ஆகிய நாடுகளிலேயே தங்கினர். 2017 ஜனவரியில் பிறப்பிக்கப்பட்ட ஆணை, சிரிய அகதிகளுக்கு அமெரிக்காவின் கதவை அடைத்தது. வரவேற்க மாமன் வீடு வாய்த்த ஜூட், அப்பெருங்கூட்டத்தின் பிரதிநிதி அல்லள்.

எனினும், புதிதாய் வரும் மாணவிக்குப் பக்கத்து இருக்கையில் அமரப்போகும் குழந்தை இந்நூலைப் படிக்க வேண்டும். இரங்குவதற்கு முன் அவளிடம் பேசிப் பார்க்க வேண்டும் என்பதை அது கற்றுத்தரும்.