ஒரு 'க்' செய்யும் வேலை

சிராங்கூன் சாலைக் காப்பிக்கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருக்கும். முதல் நாவலைச் சொந்தச் செலவில் கொண்டுவருகிறவர் மெய்ப்பு பார்க்கும் அழகைப் பார்க்க வேண்டும்! தாளின் சரசரப்பு, வரிக்கடியில் நகரும் அளவுகோல், தயங்கி நிற்கும் சிவப்புப் பேனா. 'வேலை கொடுத்தான்' என்றால் உத்தியோகம். 'வேலைக் கொடுத்தான்' என்றால் முருகன் கை வேல். அந்த ஒற்றுக்காக ஒரு பக்கத்தை மூன்று முறை படிக்கும் பொறுமை பெரிது.

சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள் பலவும் எழுதியவரே பதிப்பித்தவை. சென்னையில் அச்சாகிக் கப்பலேறி வருபவையும் உண்டு. பெட்டியின் ஒட்டுநாடா கிழிபடும் ஓசை, புதுத்தாளின் மணம், முதுகட்டையைத் தடவும் விரல்.

வெளியான 4 வாரங்களுக்குள் 2 பிரதிகள் தேசிய நூலக வாரியத்துக்குப் போய்ச் சேர வேண்டும். முதல் நாவலுக்கும் இங்கே அதுதான் சட்டம்.