மெனுவில் ஏறும் ஒரு வரி

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் பணியாற்றிய வெய்ன் ராஸ்பேண்ட் 1997இல் வெளியிட்ட இமேஜ்-ஜே என்னும் படப் பகுப்பாய்வு மென்பொருளில், நாமே எழுதிய ஒரு ஜாவா நிரலை, அதன் பெயரில் அடிக்கோடு ஒன்று இருக்கும்படி பார்த்துக்கொண்டு, பிளக்கின்ஸ் என்ற கோப்புறையில் இட்டுவிட்டால், மறுமுறை திறக்கும்போது அது அதே பெயருள்ள மெனுவில் தானாகவே ஏறி அமர்ந்துவிடுகிறது. அடிக்கோடும் வெற்றிடமாக மாறிவிடுவதால், ஆசிரியர் வைத்த வரி எது, பக்கத்து மேஜைக்காரர் நேற்றுச் சேர்த்தது எது என்ற பேதம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்தச் சௌகரியத்தைக் குறைத்துப் பேசுவது நியாயமன்று. நுண்ணோக்கியின் முன் அமரும் மாணவர் எல்லோருமே நிரல் எழுத வல்லவரல்லர். நூற்றுக்கணக்கான படங்களில் ஒரே காரியத்தை ஒரே கிரமத்தில் செய்யவேண்டியவருக்கு இது பேருபகாரம். இத்தகைய சேர்க்கைகளைத் திரட்டித் தரும் ஃபிஜி பதிப்பு ஆய்வுக்கூடங்களில் பெற்றுள்ள செல்வாக்கும் காரணமற்றதன்று. மெனு நீண்டுபோய், எதையும் பெயர் சொல்லித் தேடவேண்டியிருக்கிறதே என்பது சிறு குறைதான்.

தோஷம் வேறிடத்தில் இருக்கிறது. ‘உயிரணு எண்ணுக’ என்று ஒருவர் ஒரு வரி சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதனுள்ளே, பின்னணி வெளிச்சத்தைக் கழிப்பதற்காகப் படத்தின் அடியில் உருட்டப்படும் கற்பனைப் பந்தின் ஆரம், மென்பொருள் தானாக முன்வைக்கும் 50 பிக்சலாகவே இருந்துவிடுகிறது. 10 மடங்கு உருப்பெருக்கத்தில் 40 பிக்சல் அகலமிருந்த உயிரணு, அதே கேமராவில் 40 மடங்குக்குப் போனதும் 160 பிக்சலாகிறது, பந்தோ வளரவில்லை. ஆகவே உயிரணுவின் நடுப்பகுதியே பின்னணியென்று கருதப்பட்டுக் கழிந்துபோகிறது. அட்டவணையில் விழும் எண்ணிக்கை மட்டும் வழக்கமான கம்பீரத்தோடே நிற்கிறது! நிரலை எழுதியவருக்கு அந்த 50 ஒரு யோசனை. மெனு வழியாக வருபவருக்கோ அப்படியொன்று உண்டென்பதே தெரியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த மேக்ரோக்கள் ஒரு கட்டளையை அழைப்பது மெனுவில் உள்ள பெயரைக் கொண்டுதான். அழகு கருதி யாரேனும் அந்தப் பெயரைத் திருத்தினால், பழைய மேக்ரோ அங்கேயே நின்றுவிடும்.

எனது அபிப்பிராயத்தில், மௌனமாகக் கணக்கிட்டு முடிக்கும் வரியைவிட, ஆரம் எவ்வளவு, மிகச் சிறிய துகள் எவ்வளவு என்று ஒரு பெட்டி திறந்து கேட்கும் வரியே மேலானது. மென்பொருளின் சொந்த உரையாடற்பெட்டியைப் பிரயோகித்தால், அதில் இட்ட மதிப்புகளைக் கட்டளைப் பதிவுக்கருவி பெயரோடு சேர்த்தே எழுதிவைக்கிறது. பிற்காலத்தில் அதே கணக்கைச் சோதிக்க வருபவர் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தடவையும் ‘சரி’ என்று அழுத்தவேண்டியிருக்கிறதே என்று முணுமுணுப்பவர்கள் முணுமுணுக்கட்டும்.