பேரிக்காய்த் திருட்டும் ஆதமின் தவ்பாவும்

கிறித்தவம் குறித்து நம்மவர் எழுதும் கட்டுரைகளில் பாவம் பற்றிய பகுதி பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடும். ஆதமின் பிழைக்காகப் பிறந்த குழந்தையையும் பாவி என்பது அநீதி என்பது ஒன்று. பவுல் நியாயப்பிரமாணத்தை நீக்கிவிட்டார், ஆகவே கிறித்தவருக்கு ஈமான் உண்டு, ஷரீஅத் இல்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் மேடைகளில் கேட்டு வளர்ந்தவர்கள்தாம் நாமும். வேறிடங்களில் எழுதியும் இருக்கிறோம். இவற்றுள் முதலாவது பாதி உண்மை, இரண்டாவது பெரும்பாலும் பிழை என்று இன்று சொல்ல நேர்வதற்குக் காரணம், அகுஸ்தீனின் 'ஒப்புதல்கள்' என்னும் நூலை மேற்கோள்களின் வழியாக அன்றி முதல் பாகத்திலிருந்து கடைசிப் பாகம்வரை படித்ததுதான்.

அகுஸ்தீன் கி.பி. 354இல் தகாஸ்தே என்னும் சிற்றூரில் பிறந்தவர். அது இன்றைய அல்ஜீரியாவின் சூக் அஹ்ராஸ். அவர் ஆயராக இருந்த ஹிப்போ இன்றைய அன்னாபா. வாண்டல்கள் அந்நகரை முற்றுகையிட்டிருந்த 430இல் அங்கேயே இறந்தார். 2001 ஏப்ரலில் அல்ஜீரிய அரசு அல்ஜியர்ஸிலும் அன்னாபாவிலும் அவரைக் குறித்து ஓர் உலகக் கருத்தரங்கை நடத்தி, அவரை அல்ஜீரியத் தத்துவஞானி என்றே அழைத்தது. உள்நாட்டுப் போரில் பத்தாண்டுக் காலம் குருதி சிந்திய ஒரு முஸ்லிம் நாடு, இஸ்லாத்துக்கு இரு நூற்றாண்டுகள் முந்திய ஒரு கிறித்தவ ஆயரைத் தன் மகன் என்று உரிமை கொண்டாடியது நம் பத்திரிகைகளில் அன்று போதிய கவனம் பெறவில்லை. 2025இல் பாப்பரசராகத் தெரிவான பதினான்காம் லியோ அகுஸ்தீன் துறவு சபையைச் சேர்ந்தவர் என்பதால் இப்போது அவர் பெயர் மீண்டும் அடிபடுகிறது.

'ஒப்புதல்கள்' ஏறத்தாழ 397ஆம் ஆண்டுக்கும் 400ஆம் ஆண்டுக்கும் இடையே இலத்தீனில் எழுதப்பட்டது. பதின்மூன்று பாகங்கள். முழு நூலும் இறைவனை முன்னிலையில் விளித்து எழுதப்பட்ட ஒரு நீண்ட துஆ. தலைப்பிலுள்ள இலத்தீன் சொல்லுக்குக் குற்றத்தை ஏற்றுக்கொள்ளுதல், இறைவனைப் புகழ்தல் என இரு பொருளும் உண்டு. நமக்கு இது அயலானதன்று. இறைவனின் புகழைத் துதித்துப் பாவமன்னிப்புத் தேடுமாறு 'அந்நஸ்ர்' அத்தியாயம் நபி (ஸல்) அவர்களுக்கு ஒரே மூச்சில் கட்டளையிடுவதை நினைவுகூர்க.

நூலின் இரண்டாம் பாகத்தில் வருவது புகழ்பெற்ற பேரிக்காய்த் திருட்டு. பதினாறு வயதில், தந்தையிடம் பணம் போதாமல் படிப்பு நின்று ஊரில் திரிந்த காலத்தில், நண்பர்களோடு நள்ளிரவில் போய் அண்டைத் தோட்டத்து மரத்தை உலுக்கிக் காய்களை அள்ளி வருகிறார். பசி இல்லை. அதைவிட நல்ல காய்கள் வீட்டிலேயே இருந்தன. ஒன்றிரண்டைக் கடித்துவிட்டு மற்றவற்றைப் பன்றிகளுக்கு எறிந்துவிடுகிறார்கள். இவ்வளவுதான் நிகழ்ச்சி. இதற்காகப் பக்கம் பக்கமாக அழும் ஆயரைக் கண்டு நகைத்த நவீன அறிஞர்கள் பலர். நாமும் முதலில் நகைத்தோம். ஆயின் அவர் கேட்கும் கேள்வி சிறிதன்று. கொலைகாரனும் ஏதோ ஒரு நன்மையை நாடித்தான் கொல்கிறான். நான் எதை நாடித் திருடினேன்? காய்க்காக அன்று, தடுக்கப்பட்டது என்பதற்காகவே திருடினேன் என்பதுதான் அவர் கண்டடையும் விடை. தனியாக இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்றும் சேர்த்துக்கொள்கிறார். பாவத்தைத் தராசுத் தட்டில் வைக்கும் பொருளாக மட்டுமே எண்ணப் பழகிய நமக்கு (இத்தனை ரக்அத்துக்கு இத்தனை நன்மை, இன்ன பிழைக்கு இன்ன பரிகாரம் என்று கணக்கிட்டே நம் பயான்களில் பாதி கழிகிறது) இந்த விசாரணை உறைக்க வேண்டிய இடத்தில் உறைக்கிறது. குற்றத்தின் அளவைக் கேட்காமல், அதில் கிடைத்த இன்பம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார் அகுஸ்தீன்.

அதற்கு அவர் தரும் விடையில்தான் நாம் அவரிடமிருந்து பிரிகிறோம். பிரியும் இடத்தைத் துல்லியமாகக் காட்டுவதே இக்கட்டுரையின் வேலை.

முதற்பாகத்தில் அவர் ஒரு கைக்குழந்தையைக் காட்டுகிறார். பேச்சு வராத பருவம். தன்னோடு பால் குடிக்கும் மற்றொரு குழந்தையைப் பார்த்து முகம் வெளிறிப் பொறாமையால் வெறிக்கிறது. குழந்தையின் குற்றமின்மை அதன் கை கால்களின் பலவீனத்தில்தான் இருக்கிறது, உள்ளத்தில் இல்லை என்பது அவர் துணிபு. இனி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா'வில் தவ்பாவைப் பற்றிய பகுதிக்கு வருவோம். இச்சை ஷைத்தானின் படை, அறிவு மலக்குகளின் படை. அறிவின் தொடக்கம் ஏழு வயதை ஒட்டித் தெரிகிறது, அதன் அடித்தளம் பருவமடைகையில் நிறைகிறது, அதன் முழுமையோ நாற்பதில். இச்சை இவற்றுக்கெல்லாம் முந்தி வந்து கோட்டையைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே அறிவு வந்த பின் மனிதன் செய்ய வேண்டிய முதல் வேலையே திரும்புதல், அதாவது தவ்பா. அது எல்லார் மீதும் எக்காலத்தும் கடமை என்கிறார் இமாம்.

இரு பெரியோரும் கண்ட காட்சி ஒன்றே. அகுஸ்தீன் அக்காட்சியைக் குற்றம் என்கிறார். கஸ்ஸாலி (ரஹ்) அதை வரிசை என்கிறார். முந்தி வந்தது இச்சை, பிந்தி வந்தது அறிவு. பிந்தி வந்தவனுக்கு நாட்டை மீட்கும் பொறுப்பு உண்டு, நாடு முன்பே பிடிபட்டிருந்ததற்கான தண்டனை இல்லை. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு, கிறித்தவம் மனிதனை இழிவுபடுத்துகிறது, இஸ்லாம் உயர்த்துகிறது என்று முழங்குவது வாதமாகாது.

மேலும், வமிசத்தின் தொடர்பை நாமும் முற்றாக மறுத்தவர்கள் அல்லர். ஆதம் (அலை) மறந்தார், அவர் சந்ததியும் மறந்தது. அவர் மறுத்தார், அவர் சந்ததியும் மறுத்தது என்னும் கருத்தமைந்த அறிவிப்பு திர்மிதியில் உண்டு. அநியாயமாகக் கொல்லப்படும் ஒவ்வோர் உயிரின் பொறுப்பிலும் கொலையைத் தொடங்கிவைத்த ஆதமின் மகனுக்கு ஒரு பங்கு உண்டு என்பது புகாரியில் உள்ளது. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் ஷைத்தான் தீண்டுகிறான், மர்யமும் அவர் மகனும் மட்டுமே விலக்கு என்ற ஹதீஸையும் நாம் ஓதுகிறோம். எல்லாக் குழந்தைகளும் ஃபித்ராவில் பிறக்கின்றன என்ற நபிமொழியை மேற்கோள் காட்டுபவர்கள் இவற்றையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். தன்மை தொடர்கிறது, விளைவு தொடர்கிறது. சுமை மட்டும் மாற்றப்படுவதில்லை. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்ற இறைவாக்கு அந்த ஒரு கதவை மட்டும் அடைத்துவிடுகிறது. ஆதமும் ஹவ்வாவும் தம் பிழையை ஏற்று இறைஞ்சினார்கள், மன்னிக்கப்பட்டார்கள். மன்னிக்கப்பட்ட கடனுக்கு வாரிசு ஏது?

அகுஸ்தீன் இக்கதவைத் திறந்ததற்கு ஒரு மொழிபெயர்ப்பும் காரணம் என்பது கிறித்தவ அறிஞர்களே ஒப்புக்கொண்ட செய்தி. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், எல்லாரும் பாவம் செய்தபடியால் மரணம் எல்லாரையும் சூழ்ந்தது என்று பொருள்படும் கிரேக்கத் தொடர், அவர் கையிலிருந்த இலத்தீனில் எல்லாரும் ஆதமுக்குள் பாவம் செய்தார்கள் என்று படிக்கத்தக்கதாக அமைந்திருந்தது. கிரேக்க மொழியிலேயே வேதம் ஓதிய கிழக்குத் திருச்சபைகள் ஆதமிடமிருந்து மரணமும் சீர்கேடும் வந்தன என்றனவே ஒழிய, குற்றம் வந்தது என்று அகுஸ்தீனின் பொருளில் சொல்லவில்லை. 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூலும், இது செய்த பாவமன்று, அடைந்த நிலை. பாவம் என்பது இங்கே ஒப்புமை வழக்கு என்கிறது. திருமுழுக்குப் பெறாது இறக்கும் சிசுக்களுக்கு மிக மெல்லிய தண்டனையாவது உண்டு என்றார் அகுஸ்தீன். அவர்களின் மீட்பை நம்பியிருக்க இடமுண்டு என்று 2007இல் வத்திக்கானின் இறையியல் ஆணையம் அறிக்கை வெளியிட்டது. எனவே கிறித்தவம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அகுஸ்தீனை அடைத்து அடிப்பவர், பாதி அடியைக் காற்றில்தான் அடிக்கிறார்.

தமிழில் இச்சிக்கல் இன்னும் கூடுகிறது. தமிழ்க் கத்தோலிக்கர் இதனை 'சென்மப் பாவம்' என்றனர். சென்மம் என்றவுடன் முற்பிறவியும் வினையும் காதில் விழும் மண் இது. அகுஸ்தீன் கனவிலும் நினையாத ஒரு பொருளும் அதனால் ஒட்டிக்கொண்டது. அவ்வாறே பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் இறைக்கட்டளைகள் 'கற்பனைகள்' எனப்பட்டன. கற்பித்தவை என்னும் நல்ல பழம்பொருளில் ஆளப்பட்ட சொல், பின்வந்த வாசகனுக்கு வேறொன்றாகத் தொனித்தது.

கட்டளை பற்றிய நம் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். தாம் நியாயப்பிரமாணத்தை அழிக்க வரவில்லை என்று ஈஸா (அலை) மலைப்பிரசங்கத்தில் கூறுவதாக மத்தேயு எழுதுகிறார். அங்கே கட்டளைகள் குறையவில்லை, உள்நோக்கிக் கூர்மையடைகின்றன: கொலைக்கு முன் கோபம், விபசாரத்துக்கு முன் பார்வை. விசுவாசத்தால் மட்டுமே மீட்பு என்ற லூதர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் பத்துக் கட்டளைகளிலிருந்தே தொடங்குகிறது. கத்தோலிக்கரும் லூத்தரன்களும் அப்பத்தை எண்ணும் வரிசைகூட அகுஸ்தீன் வகுத்ததே. விக்கிரகத் தடையை முதற்கட்டளையோடு சேர்த்துவிட்டு, இச்சித்தலை இரண்டாகப் பிரிக்கிறார்கள். கிழக்குத் திருச்சபையினரும் கால்வின் வழியினரும் விக்கிரகத் தடையைத் தனிக் கட்டளையாக எண்ணுகிறார்கள். எண்ணிக்கையில் இவ்வளவு கவலை கொண்டவர்களைக் கட்டளையற்றவர்கள் என்பது எப்படிப் பொருந்தும்?

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. கட்டளையை நிறைவேற்றும் ஆற்றல் யாருடையது? 'ஒப்புதல்க'ளின் பத்தாம் பாகத்தில், நீ கட்டளையிடுவதை நிறைவேற்றும் வலிமையையும் நீயே கொடு என்ற பொருளில் அகுஸ்தீன் மன்றாடுகிறார். ரோமில் ஓர் ஆயர் இவ்வரியை எடுத்துச் சொல்லக் கேட்டு, பிரித்தானியாவிலிருந்து வந்த பெலாஜியுஸ் என்னும் துறவி பொறுக்கமாட்டாமல் சண்டைக்கே போய்விட்டார் என்று அகுஸ்தீன் தம் முதுமையில் எழுதுகிறார். மனிதனால் முடியாததை இறைவன் கட்டளையிடுவானா என்பது பெலாஜியுஸின் வாதம். 418இல் கார்த்தேஜ் சங்கம் அவர் கொள்கையைக் கண்டித்தது. நம் எழுத்தாளர் சிலருக்கு இவர்மீது பெரும் பிரியம். ஜென்மபாவத்தை மறுத்தவர், ஆகவே நம்மவர் என்பது அவர்கள் முடிவு. நமக்கு இதில் உடன்பாடில்லை. 'லா ஹவ்ல' என்ற திக்ரை நாவில் வைத்திருப்பவன், வணக்கத்தையும் உதவி தேடலையும் ஒரே வசனத்தில் இணைத்து நாளுக்குப் பதினேழு முறையேனும் ஓதுபவன், தவ்ஃபீக் இன்றி ஒரு ஸுஜூதும் இல்லை என்று நம்புபவன், அந்தப் பத்தாம் பாகத்து மன்றாட்டைக் கேட்டுச் சினங்கொள்ள நியாயமில்லை. பெலாஜியுஸ் நம் கலாம் வரலாற்றுக்குள் வந்திருந்தால் முஃதஸிலாக்களின் பக்கம் உட்கார்ந்திருப்பாரே தவிர அஷ்அரிகளின் பக்கம் அன்று. சக்திக்கு மேல் இறைவன் சுமத்துவதில்லை என்பதும் நமக்கு வேதவாக்கே. அவ்விரண்டையும் ஒருசேரத் தாங்கிக்கொள்ளவே நம் இமாம்கள் 'கஸ்பு' என்ற நுண்ணிய கோட்பாட்டோடு போராடினார்கள். அப்போராட்டம் எளிதாக முடிந்துவிட்டதாக நடிக்க வேண்டியதில்லை.

இவ்வளவு தூரம் அகுஸ்தீனுக்காக வாதாடிய பின், நம் குறையையும் சொல்ல உரிமை உண்டு என எண்ணுகிறோம். அந்தப் பேரிமரம் யாருடையது? இரண்டாம் பாகம் முழுவதும் தேடினாலும் தோட்டக்காரர் வருவதில்லை. திருடியவன் இருக்கிறான், இறைவன் இருக்கிறான், காய்களைத் தின்ற பன்றிகள்கூட இருக்கின்றன. விடிந்து வந்து வெறும் மரத்தைப் பார்த்தவர் இல்லை. அறிவு, உள்ளத்தின் வேதனை, செயல் என்று தவ்பாவை மூன்றாக வகுக்கும் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், செயல் என்னும் பகுதியில் அடியார்களின் உரிமையைத் திருப்பித் தருவதைக் கண்டிப்பாக வற்புறுத்துகிறார். உரியவரைத் தேடு, கொடு, இல்லையேல் மன்னிப்புக் கேள் என்பது அவர் விதி. இறைவனின் உரிமையில் அவன் கருணையாளன். மனிதனின் உரிமையில் மனிதனிடமே போயாக வேண்டும்.

இது கிறித்தவத்தில் இல்லாத சிந்தனை என்று சொல்லிவிட முடியாது. காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போய்ச் சமாதானம் செய் என்பது மலைப்பிரசங்கத்திலேயே உள்ள கட்டளை. வரி வசூலிக்கும் சகேயு அநியாயமாக வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னதை லூக்கா பதிவு செய்கிறார். அகுஸ்தீனே மகதோனியுஸ் என்ற அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், திருடியதைத் திருப்பித் தர இயலுபவன் தராதவரை அவன் பாவம் மன்னிக்கப்படாது என்று ஒரு ஃபகீஹின் கறாரோடு தீர்ப்பளிக்கிறார். ஆயராக அறிந்திருந்த இச்சட்டத்தை, தன் வரலாறு எழுதியவர் தம்மீது பயன்படுத்தவில்லை. உள்நோக்கிய பார்வை மிகக் கூர்மையாகும்போது பக்கத்தில் நிற்பவர் மறைந்துவிடுகிறாரோ என்ற ஐயம் இவ்விடத்தில்தான் எழுகிறது.

பேரிக்காய்க்கு இவ்வளவு சொல்வது மிகை என்று தோன்றலாம். ஆறாம் பாகத்தில் வரும் பெண்ணை நினைத்தே சொல்கிறோம். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அவரோடு வாழ்ந்து அதியோதாத்துஸ் என்ற மகனைப் பெற்றுக் கொடுத்தவர் அப்பெண். தகுதியான குடும்பத்தில் திருமணம் பேசப்பட்டதும், அதற்குத் தடையென்று அவர் மிலானிலிருந்து விலக்கப்படுகிறார். தம் இதயம் கிழிந்து குருதி வடிந்ததாக அகுஸ்தீன் எழுதுகிறார். அதனை நாம் நம்புகிறோம். மணப்பெண்ணுக்கு வயது வர இரண்டாண்டு காத்திருக்க வேண்டியிருந்ததால் இடையில் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டதையும் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார். தம் இச்சைக்காக அழுகிறார், தம் அடிமைத்தனத்துக்காக அழுகிறார். இனி எந்த ஆணையும் அறியேன் என்று இறைவனிடம் நேர்ந்துகொண்டு, மகனைத் தகப்பனிடம் விட்டுவிட்டு, தனியே ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிய அப்பெண்ணின் பெயர் பதின்மூன்று பாகங்களிலும் இல்லை.