உழைச்செல்வானின் உரைநடை: சார்லஸ் லாம், மேரி லாம் எழுத்துகளில் பேணலும் மறைப்பும்

முன்னுரை

தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் ஆங்கிலக் கல்வி பெற்ற பலருக்குச் சேக்சுபியரை முதலில் அறிமுகம் செய்தவை நாடகங்கள் அல்ல. சார்லஸ் லாமும் அவருடைய தமக்கை மேரி லாமும் சிறுவர்க்கென உரைநடையில் எழுதிய ‘சேக்சுபியர் கதைகள்’ என்னும் தொகுப்பே ஆகும். அத்தொகுப்பு ஒரு நோயாளியும் அவரைப் பேணியவரும் ஒரே வீட்டில் இருந்து எழுதியது என்பது நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் பேசப்படவில்லை. பேசப்பட்ட இடங்களிலும் தம்பியின் தியாகம் என்ற அளவிலேயே அது முடிந்தது. நாவலாசிரியர் தாக்கரே லாமைப் ‘புனிதர்’ என்று போற்றியதாக வழங்கும் செய்தி இப்பார்வையின் சுருக்கம் எனலாம்.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் இதனின் வேறான ஒரு பார்வையைத் தருகிறது. அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என நான்கு கூறாக வகுக்கிறது. உழைச்செல்வான் என்பவன் அருகில் நின்று பணிவிடை செய்பவன். வள்ளுவர் அவனைப் புனிதனாக்கவில்லை. மருத்துவத்தின் ஓர் உறுப்பாக்கினார். பேணல் ஓர் அருங்குணம் என்பதினும் அது ஒரு தொழில், ஓர் உழைப்பு என்னும் இக்கருத்தைக் கொண்டு லாம் உடன்பிறப்பினரின் எழுத்தை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

முதல் உழைச்செல்வான்

1796 செப்டம்பர் 22 அன்று இலண்டனில் மனநோயின் உச்சத்தில் மேரி தம் தாயைக் கத்தியால் குத்திக் கொன்றார். அப்போது அவருக்கு அகவை 31, சார்லசுக்கு 21. மரண விசாரணையில் அது பித்தத்தின் செயல் எனத் தீர்ப்பாயிற்று. தமக்கையை வாழ்நாள் முழுதும் தாமே பேணுவதாகத் தம்பி பொறுப்பேற்றார். 1834இல் இறக்கும்வரை 38 ஆண்டுகள் அப்பொறுப்பிலிருந்து வழுவவில்லை.

வாழ்க்கை வரலாறுகள் வழக்கமாகப் பேணலின் கதையை இந்நாளில்தான் தொடங்குகின்றன. ஆயின் அதற்கு முன்பே அவ்வீட்டில் ஓர் உழைச்செல்வான் இருந்தார், அவர் மேரியே. நடமாட்டம் குன்றிய தாயையும் அறிவு தளர்ந்த தந்தையையும் கவனித்தபடி, பிறருக்கு ஆடை தைத்தும் பொருளீட்டினார். 1815இல் புனைபெயரில் தையல் வேலை பற்றி அவர் எழுதிய கட்டுரை, வீட்டிலிருக்கும் பெண்களின் கூலியற்ற உழைப்பையும் ஓய்வின்மையையும் பொருளாகக் கொண்டது. நோயாளி என்று மட்டும் நினைக்கப்பட்டவர், பேணுவோரின் களைப்பை உள்ளிருந்து அறிந்து எழுதியவர் என்பது இலக்கிய வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை.

காலமும் வடிவமும்

சார்லஸ் லாம் 1792 முதல் 1825 வரை கிழக்கிந்தியக் கும்பினியின் இலண்டன் தலைமையகத்தில் கணக்கராக இருந்தார். சென்னை மாகாணத்தை ஆண்ட அதே கும்பினிதான். பகல் பேரேட்டுக்குப் போயிற்று. எஞ்சிய பொழுது வீட்டுக்குப் போயிற்று. மேரியின் நோய் விட்டுவிட்டு வருவது. அறிகுறி தென்பட்டதும் இருவரும் கைகோத்து அழுதபடி ஆக்சுடன் மனநோய் விடுதிக்கு நடந்து சென்றதை நண்பர் ஒருவர் கண்டு கூறியுள்ளார். சில வாரங்களோ மாதங்களோ கழித்து அவர் திரும்புவார்; வீடு மீண்டும் இயங்கும்.

லாம் முதலில் புனைகதை எழுதினார்; துன்பியல் நாடகம் எழுதினார்; 1806இல் அரங்கேறிய அவருடைய நகைச்சுவை நாடகம் முதல் இரவிலேயே தோற்றது. 1820இல்தான், 45ஆம் அகவையில், ‘எலியா’ என்னும் புனைபெயரில் சிறு கட்டுரையைக் கண்டடைந்தார். நெடும் படைப்புக்கு இடையறாத காலம் வேண்டும். சிறு கட்டுரையோ இடையறவைத் தாங்கும். விட்ட இடத்தில் தொடங்கும். பொருள் விட்டுப் பொருள் தாவுவதையே அழகாக்கும். லாமின் புகழ்பெற்ற தாவல் நடையை வெறும் குறும்பு எனக் கொள்வதினும், எப்போது வேண்டுமாயினும் முறியக்கூடிய பொழுதில் பழகிய மனத்தின் ஒழுங்கு எனக் கொள்வதே பொருந்தும்.

காட்சியாக்க மறுத்தல்

எலியாவின் கட்டுரைகளில் மேரி, ‘பிரிசெட்டு’ என்னும் ஒன்றுவிட்ட சகோதரியாக வருகிறார். அவருடைய வாசிப்புச் சுவை, சிறு தொல்லைகளில் அவர் படும் பதற்றம், பெருந்துயரில் அவர் தரும் ஆறுதல் எல்லாம் உண்டு. நோய் இல்லை. பழைய பீங்கான் பற்றிய கட்டுரையில் ஏழ்மைக்கால இன்பங்களை நினைந்து நீளப் பேசுபவர் பிரிசெட்டே; எலியா பெரும்பகுதி கேட்பவராகவே இருக்கிறார். நோயாளியைப் பொருளாக்காமல் பேசுநராக்கியது இக்கட்டுரையின் சாதனை.

இதன் கொள்கை விளக்கம் லாமின் திறனாய்விலேயே உள்ளது. 1811இல் வெளிவந்த சேக்சுபியர் துன்பியல் பற்றிய கட்டுரையில், லியர் மன்னனை மேடையில் காட்ட இயலாது என்று அவர் வாதிட்டார். மேடையில் மழையில் தள்ளாடும் கிழவனைப் பார்க்கிறோம். வாசிக்கையிலோ லியராகவே ஆகிறோம் என்பது அவர் கருத்து. நாடகக்கலையை இது குறைத்து மதிப்பிடுகிறது என்னும் மறுப்பு நியாயமானதே. எனினும் பித்தத்தை வெளியே நின்று பார்ப்பதற்கும் அருகிருந்து அறிவதற்கும் உள்ள வேறுபாட்டை அன்றாடம் கண்டவரின் கூற்று அது. இலண்டனின் பெத்லெம் விடுதியில் 1770வரை பொதுமக்கள் மனநோயாளரை வேடிக்கை பார்க்க அனுமதிக்கப்பட்டனர் என்பதையும் இங்கு நினைத்தல் தகும்.

இருவகை மறைப்பு

இங்கு ஒரு தடை எழும். நோயை மறைத்தல் மேரியையே மறைத்தல் ஆகாதா? இரு மறைப்புகளைப் பிரித்தறிதல் வேண்டும். தாய்க்கொலைச் செய்தி மீண்டும் அம்பலமாகியிருந்தால் மேரியின் நிம்மதிக்கும் வீட்டு வாழ்வுக்கும் கேடு நேர்ந்திருக்கும். நண்பர் தால்ஃபோர்டு, 1847இல் மேரி இறந்த பின்னரே, 1848இல் அதனை வெளியிட்டார். இது காக்கும் மறைப்பு. பேணலின் ஒரு பகுதி.

மற்றொன்று வேறு. ‘சேக்சுபியர் கதைகள்’ தொகுப்பின் 20 கதைகளில் 14 மேரி எழுதியவை. துன்பியல் கதைகள் ஆறே சார்லஸ் எழுதியவை. 1807ஆம் ஆண்டின் முதற்பதிப்பு முகப்பிலோ சார்லசின் பெயர் மட்டுமே இருந்தது. காரணம் எதுவாயினும், விளைவு பறிக்கும் மறைப்பே. சிறந்த பேணலும் இதனை ஈடுசெய்யாது. தம்பியைப் புனிதராக்கும் திறனாய்வு இதனைக் காணாது. ஏனெனில் புனிதருக்கு எதிரே நோயாளி மட்டுமே இருக்க முடியும், சக எழுத்தாளர் இருக்க முடியாது.

முடிவுரை

1825இல் கும்பினி லாமுக்கு ஆண்டுக்கு 450 பவுன் ஓய்வூதியம் அளித்தது. தமக்குப் பின் தமக்கைக்கு ஊதியம் தொடர்வதற்காக அதில் 9 பவுன் கழிக்கப்பட்டது. கையில் வந்தது 441. தியாகம் என்ற சொல் தராத தெளிவை இக்கணக்கு தருகிறது: பேணல் என்பது பொழுதும் பொருளும் செலவாகும் உழைப்பு.

தமிழ் எழுத்தாளர் வரலாறுகளிலும் நோயுற்றோரைப் பேணிய மனைவியர், மகளிர், உடன்பிறந்தோர் ஆகியோரைத் தியாகச் செம்மல்கள் என்று ஒரு வரியில் கடந்துவிடும் வழக்கம் உண்டு. அவ்வரியைத் திறந்து, யார் பேணினர், யாருடைய பொழுதில் எழுத்து விளைந்தது, யாருடைய பெயர் முகப்பில் இல்லை என்று கேட்பது திறனாய்வின் கடமை. அவ்வாறு கேட்பதற்கான சொல்லைக் குறள் முன்பே தந்துள்ளது. உழைச்செல்வானை எண்ணாத கணக்கில் மருத்துவம் முழுமை பெறாது. இலக்கிய வரலாறும் பெறாது.