மூன்று பாட்டிலும் ஓர் ஆணியும்

பள்ளி அறிவியல் கண்காட்சியில் மண் அரிப்பு என்றால் பெரும்பாலும் மூன்று பாட்டில்தான். நீளவாக்கில் வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில்கள். ஒன்றில் வெறும் மண், ஒன்றில் சருகு மூடிய மண், ஒன்றில் புல் முளைத்த மண். சாய்த்து வைத்துத் தண்ணீர் ஊற்றினால் முதல் பாட்டிலின் வாயில் டீ நிறத்தில் கலங்கல் ஒழுகும். புல் பாட்டிலில் ஏறக்குறையத் தெளிந்த நீர். பார்த்த பிள்ளை மறக்காது. செலவும் இல்லை.

ஆனால் இதைச் சோதனை என்று சொல்ல எனக்குத் தயக்கம். விடை முன்பே தெரியும். சாய்வை மாற்றிப் பார்க்கப் பிள்ளைகளை யாரும் விடுவதில்லை. அதைவிடப் பெரிய குறை, இதில் மழையே இல்லை. பெரிய மழைத்துளி நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் விழும். ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றும் தண்ணீருக்கு 2 மீட்டர் வேகம்தான். துளியின் அடியே மண்கட்டியை உடைக்கிறது என்று அமெரிக்காவில் மண் அரிப்பு ஆய்வாளர் எல்லிசன் 1940களிலேயே காட்டிவிட்டார். சுண்ணாம்புச் சுவரின் அடியில் மழைக்குப்பின் தெறித்திருக்கும் செம்மண் புள்ளிகளும் அதைத்தான் காட்டுகின்றன. அந்தச் சுவர் பள்ளியிலேயே இருக்கிறது, யாரும் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போவதில்லை.

பாட்டிலில் மரமே கிடையாது. ஆனாலும் பாடம் 'மரம் நடுவோம்' என்றுதான் முடிகிறது! அடியில் புல்லோ சருகோ இல்லாத தேக்குத் தோப்பில், அகன்ற இலையில் திரண்டு சொட்டும் பெருந்துளி மண்ணை இன்னும் கடுமையாக அடிக்கும்.

அடுத்தது அளவு. இந்தியாவில் ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சராசரி 16.4 டன் மண் பெயர்கிறது என்பது 1983-ல் ஆய்வாளர்கள் துருவ நாராயணாவும் ராம் பாபுவும் போட்ட கணக்கு. நிலத்தில் பரப்பினால் 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். உழுகிறவர் கண்ணுக்கே தப்பிவிடும். பாட்டிலோ அரிப்பை அரை நிமிட வேடிக்கையாக்கிவிடுகிறது.

இங்கேதான் ஆணி வெல்கிறது. நீள ஆணியில் வாஷரைக் கோத்து, சரிவான தரையில் வாஷர் மண்ணில் படும்படி அடித்து, ஆணித் தலைக்கும் வாஷருக்கும் உள்ள இடைவெளியை மழைதோறும் அளக்க வேண்டும். இடைவெளி 1 மில்லிமீட்டர் கூடினால் ஹெக்டேருக்கு 10 கன மீட்டர், சுமார் 13 டன். ஏழாம் வகுப்புக் கணக்கு போதும். குறை இல்லாமல் இல்லை: யாராவது மிதித்துவிடுவார்கள், மழை பொய்த்தால் அளக்க ஒன்றுமிராது, ஓர் ஆணியை நம்பவும் முடியாது. பத்து ஆணியாவது அடிக்க வேண்டும்.

பாட்டிலுக்கு ஒரு பாடவேளை போதும். மதிப்பெண்ணை ஆணிக் குறிப்பேட்டுக்குக் கொடுக்கலாம். ஆசிரியர்களே, வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஆணிகளைச் செப்டம்பரிலேயே அடித்துவிடுங்கள்.